விஜயதசமிக்குப் பிறகு எழுந்திருக்காத சர்வர்

தொண்ணூறுகளின் பிற்பாதியில் சென்னையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். வெளியூர் மில்களில் டேட்டாபேஸ் சர்வர் நிறுவிக் கொடுப்பதும், அது படுத்துக்கொண்டால் ஓடிப்போய்ப் பார்ப்பதும் என் வேலை. விஜயதசமிக்கு மறுநாள் கிணத்துக்கடவு நூல் மில்லில் இருந்து போன். "சர்வர் எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க" என்றார் பூங்கொடி. முதலாளியின் மருமகள்; கம்ப்யூட்டர் அறை அவர் பொறுப்பு. சாயங்காலமே ரயில் ஏறிவிட்டேன்.

பூஜை விடுமுறைக் கூட்டம். கதவருகே பெட்டிமேல் உட்கார்ந்தே வந்தேன். தூக்கம் வராததற்குக் கூட்டம் காரணமில்லை, பயம். டிஸ்க் போயிருந்தால் மில்லின் கணக்கு மொத்தமும் போயிற்று. டேப்பில் நகல் இருந்தது, ஆனால் அதைத் திருப்பிப் படித்துப் பார்த்தவர் யாருமில்லை.

நீங்களும் இப்படிக் கிளம்பினால், கோவை ஜங்ஷனில் இருந்து டவுன் பஸ்ஸில் உக்கடம் வாருங்கள். அங்கே பொள்ளாச்சி பஸ். கிணத்துக்கடவு இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், முக்கால் மணி நேரம். அன்று டிக்கெட் ஐந்து ரூபாய். ஜன்னல் ஓரம் கிடைத்தால் பாலக்காட்டுக் காற்றும் தென்னந்தோப்பும் இலவசம். எனக்கு ஜன்னல் கிடைத்தது, ஒன்றையும் பார்க்கவில்லை.

"ஏனுங்க, மொகமெல்லாம் இப்படி வெளுத்துக் கெடக்குது? மில்லு முன்னாடியே நிறுத்தறமுங்க, பயப்படாதீங்க" என்றார் கண்டக்டர். ஸ்டாப்பைத் தவறவிடுவேனோ என்று பயப்படுவதாக நினைத்திருப்பார், பாவம்.

மில் வாசலில் இரண்டு லாரிகள் சரக்கு ஏறாமல் நின்றன. கம்ப்யூட்டரில் பில் வந்தால்தான் சரக்கு வெளியே போகும். உள்ளே மானிட்டர் நெற்றியில் சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது. விசைப்பலகைக்குப் பக்கத்தில் பொரி சிதறியிருந்தது.

"மாமா சும்மா சும்மா வந்து எட்டிப் பாத்துட்டுப் போறாருங்க" என்றார் பூங்கொடி. "இன்னைக்கு ஓடலீன்னா பொட்டியத் தூக்கி வண்டில ஏத்திப்போடுவேன்னு சொல்லிப்போட்டாரு. அப்புறம் நானும் ஊட்டோட இருக்க வேண்டியதுதானுங்க. கம்ப்யூட்டர் வேணும்னு சண்டை போட்டு வாங்குனது நானாச்சே."

சர்வரை ஓட்டிப் பார்த்தேன். 'பெர்மிஷன் டினைடு', அதாவது அனுமதி இல்லை என்று ஒரே வரி, அதோடு நின்றுவிட்டது. டேட்டா இருக்கும் டைரக்டரியைப் பார்த்தேன், அனுமதியெல்லாம் நான் வைத்தபடியே இருந்தது. மறுபடி ஓட்டினேன். அதே வரி. எல்லாக் கோப்புகளையும் எல்லாருக்கும் திறந்துவிட்டால் ஓடிவிடலாம் என்று மனம் ஆசை காட்டியது. அப்படிச் செய்தால் எவர் வேண்டுமானாலும் எதையும் அழிக்கலாம். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொரு கோப்பும் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தேன். எல்லாம் டேட்டாபேஸுக்கென்று நான் உருவாக்கிய பயனர் கணக்கின் பெயரில் இருந்தன. சர்வர் ஓடும்போது தானே எழுதிக்கொள்ளும் லாக் எனும் குறிப்புக் கோப்புகள் மட்டும் ரூட் பெயரில். ரூட் என்பது அந்த சர்வரின் யூனிக்ஸ் அமைப்பில் எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு. அது உருவாக்கிய கோப்பில் மற்ற கணக்குகள் எழுத முடியாது. கோப்பு பிறந்த தேதி விஜயதசமி.

"ரூட் பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?"

"மாமாகிட்ட மட்டுந்தானுங்க. பெரிய சாவி மொதலாளிகிட்டத்தான் இருக்கோணும்னு வாங்கி வெச்சுக்கிட்டாரு." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "பூசை முடிஞ்சு எல்லா மிசினையும் அவருதானுங்க மொதல்ல ஓட்டுவாரு. கைராசின்னு. நான் கோயிலுக்குப் போயிருந்தனுங்க. ஓட்டற கமாண்டு செவுத்துல ஒட்டியிருக்குது, பாருங்க."

முதலாளி ரூட்டில் நுழைந்து அந்தக் கமாண்டை அடித்திருக்கிறார்; அன்று முழுக்க சர்வர் ஜோராக ஓடியிருக்கிறது. மறுநாள் பூங்கொடி வழக்கமான கணக்கில் ஓட்டியபோதுதான் பூட்டிய கோப்பில் முட்டிக்கொண்டது. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முதலாளியின் கைராசியால் வந்த வினை என்று முதலாளியிடமே யார் சொல்வது? முதல் பயம் போய் இரண்டாவது வந்து உட்கார்ந்துகொண்டது.

பூங்கொடி போய் அவரை அழைத்து வந்தார். அவர் பாஸ்வேர்டை வாசித்துச் சொல்ல, நான் அடித்தேன். கோப்புகளின் உரிமையை மாற்றும் கமாண்டை அடித்து, திரும்பத் திரும்பப் படித்துவிட்டு எண்டர் தட்டினேன். வழக்கமான கணக்கில் ஓட்டினேன். எழுந்துவிட்டது. பில் பிரிண்டர் கறகறவென்று சத்தம் போட்டது.

"என்னதானுங்க ஆச்சு?" என்றார் முதலாளி. நான் பிரிண்டரில் காகிதத்தைச் சரிசெய்யக் குனிந்தேன்.

"நீங்க ஓட்டுனதுனாலதானுங்க மாமா நின்னுபோச்சு" என்றார் பூங்கொடி. எந்தக் கோப்பு யார் பெயரில் பூட்டிக்கொண்டது என்பதையும் முழுதாகச் சொல்லி முடித்தார்.

முதலாளி பொட்டு வைத்த மானிட்டரை ஒருமுறை பார்த்தார். பிறகு சட்டைப் பையில் இருந்து பாஸ்வேர்டு எழுதிய துண்டுக் காகிதத்தை எடுத்து மருமகளிடம் நீட்டினார். "நீயே வெச்சுக்க அம்மணி. எனக்குப் பொரி கடலை போதும்."

இப்படிப் போகிறவர்களுக்கு என் அனுபவம் இதுதான். அனுமதி மறுப்பு வந்தால் உடனே டிஸ்க்கைச் சந்தேகித்து உயிரை விடாதீர்கள். கோப்பு யார் பெயரில் இருக்கிறது, கடைசியாக யார் ஓட்டினார்கள் என்று முதலில் கேளுங்கள். பயத்தில் எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்துவிடாதீர்கள். டேப்பை ஒருமுறையாவது திருப்பிப் படித்துப் பாருங்கள். ரூட் யாரிடம் இருக்க வேண்டும் என்பதை நிறுவும் அன்றே பேசி முடியுங்கள்.

சில மாதம் கழித்து வேறு வேலையாக அங்கே போனேன். ரூட்டில் நுழைய வேண்டியிருந்தது. அன்று முதலாளி சொன்ன பாஸ்வேர்டை அடித்தேன், ஏற்கவில்லை. மறுபடி அடித்தேன், அதே பதில்.

"மாத்திப்போட்டனுங்க" என்றார் பூங்கொடி. "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க, நான் அடிக்கறேன்."

திரும்பிக்கொண்டேன்.