பல்புச் சூட்டில் என் மகள்

அறுபதுகளின் தொடக்கத்தில் பொன்னமராவதியில் நான் வயரிங் வேலை பார்த்தேன். ஓர் ஐப்பசி மழையில், எட்டாம் மாதம் பிறக்கும் முன்பே என் மனைவிக்கு வலி கண்டுவிட்டது. பெண் குழந்தை. இரண்டு கைக்குள் அடங்கிவிடும் உடம்பு, அழக்கூடத் தெம்பில்லை.

பிரசவம் பார்த்த நர்ஸ் அதன் பாதத்தைத் தொட்டார். "ஜில்லுன்னு இருக்கு. சூடு கொறையவே கூடாது. திருச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாத்தான் நல்லது."

ரோட்டில் வெள்ளம், பஸ் ஓடவில்லை. வெந்நீர்ப் பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். வைக்க வைக்க ஆறின.

"பஸ் ஓடுறவரைக்கும் என்னங்க செய்யிறது?" என்றாள் மனைவி.

என் பிள்ளையை விட்டுவிடுவதாக இல்லை. எரிந்துகொண்டிருந்த பல்பைக் கழற்றப் போய் எத்தனையோ முறை விரலைச் சுட்டுக்கொண்டவன் நான். பல்புக்குள் இருக்கும் மெல்லிய கம்பி கரண்டை எளிதில் போகவிடாது. அந்தத் தடையை மீறிப் பாயும்போதுதான் கம்பி பழுத்து ஒளிவிடுகிறது. வெளிச்சத்துக்காக நாம் பல்பு போடுகிறோம். கரண்டில் பெரும்பங்கு சூடாகத்தான் போகிறது. அந்தச் சூடுதான் இப்போது எனக்கு வேண்டும்.

ஒரு மரப்பெட்டிக்குள், ஓரங்களில் இடைவெளி விட்டுப் பலகை அடித்தேன். கீழே பல்பு, மேலே மெத்தை.

"பிள்ளைக்குக் கண்ணு கூசாதா?" என்றார் நர்ஸ்.

"வெளிச்சத்தப் பலகை மறைச்சிரும். சூடு ஓரமா ஏறி வந்துரும், நர்ஸம்மா."

"அப்ப மொதல்ல தெர்மாமீட்டர வைங்க. பிள்ளைய அப்புறம் வைப்போம்."

அவர் சொன்னது நல்லதாகப் போயிற்று. நூறு வாட் பல்புக்குப் பாதரசம் மளமளவென்று ஏறிவிட்டது. நாற்பது வாட் பல்பின் கம்பி இன்னும் மெல்லிது, அதில் பாயும் கரண்டும் குறைவு. அதை மாட்டியதும் சூடு இதமாக நின்றது. காற்று காய்ந்துவிடாமல் இருக்க நர்ஸ் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார். அதன் பிறகுதான் குழந்தையைக் கிடத்தினோம்.

மனைவி அதன் பாதத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து, "சூடு வந்துருச்சுங்க" என்று அழுதாள்.

மழை விடும்வரை ஒருவர் மாற்றி ஒருவர் காவல் இருந்தோம். கரண்ட் போனால் வெந்நீர்ப் பாட்டில். வந்தால் மறுபடி பல்பு. தாய்ப்பாலைப் பிழிந்து பஞ்சில் நனைத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தோம். பஸ் ஓடத் தொடங்கியபோது பிள்ளை தானாகவே பால் குடித்தது.

திருச்சி டாக்டரம்மா நன்றாகச் சோதித்துப் பார்த்தார். "தேறிட்டா. இனிமே அம்மா மேல படுத்திருக்கிற சூடே போதும்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவியின் மார்பில் ஒட்டிக்கொண்டு, வழியெல்லாம் வீறிட்டு அழுதுகொண்டே வந்தாள் என் மகள்.