ஐஸ் தண்ணீரில் திரும்பிச் சுற்றிய சக்கரம்

தெலுங்கு எல்லையோரம், விஜயபுரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் லேப் அசிஸ்டென்ட். எதையும் நாள் குறித்து எழுதிவைப்பேன். பிசிக்ஸ் சார் என்னை அவமானப்படுத்தியது ஜூலையில், ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியடு.

அன்று அவர் லேபில் பத்தாம் வகுப்புக்கு லைட் மில் காட்டினார். காற்றைப் பெரும்பாலும் உறிஞ்சி எடுத்துவிட்ட கண்ணாடிக் குமிழ் அது. உள்ளே ஊசிமுனையில் நாலு தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளி. வெயில் பட்டால் சுற்றும்.

"வெளிச்சம் வெள்ளிப் பக்கத்துல மோதித் திரும்புது. அதான் அதைத் தள்ளுது" என்றார் சார். சக்கரம் எந்தப் பக்கமாகப் போகிறது என்று அவர் பார்க்கவேயில்லை. வெளிச்சத்தைக் கண்டு பின்வாங்கியது கறுப்புப் பக்கம். சொன்னேன்.

"நீ பீக்கர் கழுவிக்கினு இரு நைனா. பிசிக்ஸை நான் பாத்துக்குறேன்."

வகுப்பே சிரித்தது. மன்னிப்புக் கேட்டிருந்தால் விட்டிருப்பேன் என்று பொய் சொல்லமாட்டேன். அதே லேபில், ஆட்கள் முன்னால், அவர் வாயடைத்து நிற்க வேண்டும். மூன்று மாதம் அதற்காகவே படித்தேன்.

தசரா லீவுக்கு முந்தின நாள் லேபில் ஆயுத பூஜை; வாத்தியார்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டால் எந்தக் கருவியும் ஓடக்கூடாது என்பதில் எச்.எம். மேடம் கண்டிப்பானவர். ஜன்னலோர வெயிலில் லைட் மில் மட்டும் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னா சார் இது, பூஜை அன்னிக்கு? ஆபண்டி! நிறுத்துங்க!" என்றார் மேடம்.

"யோவ், அதை நிறுத்து" என்றார் சார் என்னிடம்.

ஒரு துணியைப் போர்த்தினால் போதும். எனக்கு அது போதாது. குமிழைப் பேசினில் வைத்து அலமாரி நிழலுக்கு நகர்த்தினேன். சர்பத்துக்காக வைத்திருந்த ஐஸ் தண்ணீரை அதன் மேல் ஊற்றினேன். சக்கரம் தளர்ந்து நின்றது. பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது.

"ஏன் சார் ரிவர்ஸ்ல போவுது?"

"அது... வெளிச்சம் மேடம்..."

"இங்க ஏது வெளிச்சம்?"

"சார் பாடத்துல சொன்ன பக்கமே இப்பத்தான் மேடம் போவுது," என்றேன், "வெளிச்சம் போனப்புறம்." தெலுங்கு வாத்தியார் முதலில் சிரித்தார், பின்னால் எல்லோரும்.

மேடம் இரண்டு முறை காரணம் கேட்டார். எனக்குத் தெரியும், வாய் திறக்கவில்லை. சாரின் கழுத்து வியர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீயே சொல்லு" என்று அவர் முனகிய பிறகுதான் சொன்னேன். கறுப்பு வெயிலைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும், கூடுதலாகச் சூடாகும், உள்ளே மிஞ்சிய கொஞ்சக் காற்று சூடான பக்கத்தைத் தள்ளும். சுற்றிலும் குளிர்ந்தால், அதே கறுப்பு தன் சூட்டைக் கதிராக வெளியே சீக்கிரம் விட்டுவிடும். அப்போது வெள்ளிப் பக்கம் சூடாக மிஞ்சும்; தள்ளலும் மாறும்.

"லீவு முடிஞ்சதும் டென்த்துக்கு நீங்களே இதைக் காட்டுங்க," என்று என்னிடம் சொன்ன மேடம், சார் வெளியே போனதும் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பீரியடு அவரை வேற கிளாசுக்கு அனுப்பிடட்டா? சங்கடமா இருக்கும்ல?"

"வாணா மேடம். சார் முன்பெஞ்சுலயே உக்காரட்டும்."