டிஸ்பாட்ச் அக்காவுக்கு நான் போட்ட லினக்ஸ்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்ப்பவன் நான். பிரிண்டரில் தாள் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஃபேன் ஓடாவிட்டாலும் என்னைத்தான். காசு கொடுக்காமல் ஏற்றியிருந்த விண்டோஸை ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டு லினக்ஸ் போடும்படி முதலாளி சொன்னபோது, நியாயம்தான் என்று பட்டது. அதை ஆளுக்கு ஆள் விளக்கிச் சாகப்போவது யார் என்று யோசிக்கவில்லை.

கேன்டீனில் எல்லாரையும் உட்காரவைத்தேன். கம்ப்யூட்டரை ஓட்டுகிற அடிப்படை மென்பொருள் இது, இலவசம், உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து எழுதியது, யாரும் திறந்து பார்க்கலாம், வேண்டியபடி மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்றேன்.

"ஓசியில கெடச்சா பினாயிலக்கூட குடிக்கச் சொல்லுவியா?" என்றார் ஸ்டோர்ஸ்காரர். சிரிப்பு அடங்கியதும், "யாருதுபா இது?" என்றார்.

"யாருதும் இல்லண்ணே. எல்லாருதும்தான்."

"அப்ப கெட்டுப்போனா யாரத் திட்றது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து என்னைத்தான் திட்டுகிறார்கள்.

டிஸ்பாட்ச் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. லாரிகளுக்குச் சலான் அடிப்பவர். பேக்கிங் லைனில் வருஷக்கணக்காக நின்று முட்டி தேய்ந்த பிறகு கிடைத்த நாற்காலி அது. கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார்.

"தம்பி, எனக்கு மட்டும் மாத்தாத. எங்க இன்னா இருக்குதுன்னு கண்ணு பழகிப்போய் செஞ்சுக்கினு இருக்கேன். தெரியலன்னா மறுபடி லைன்ல நிறுத்திடுவாங்க. என்னால நிக்க முடியாது."

"சரிக்கா" என்றேன். அலுப்பில் வந்த சரி. ஒரு கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவைக்க எனக்கு அதிகாரம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கவரைப்பேட்டையிலிருந்து ரயிலேறி வந்து, அவருடையதிலும் லினக்ஸைப் போட்டேன். பிறகு திரையைப் பழையபடியே அமைத்தேன். அதே பச்சை மேடு, அதே நீல வானம், சலான் ஐகானும் அதே மூலையில். லீவு நாள் முழுக்க அதிலேயே போனது.

திங்களன்று அக்கா வந்தார், உட்கார்ந்தார், சலான் அடித்தார். "கொஞ்சம் வேகமா போவுதே" என்றார்.

"தூசி தட்டினேன்க்கா."

மாதங்கள் போயின. மற்றவர்கள் கரித்துக்கொட்டினார்கள். அக்கா ஒருவர்தான் என்னைக் கூப்பிடவே இல்லை. அந்த ஒரு திருப்தியில்தான் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மேனேஜர் என்னையும் கூட்டிக்கொண்டு டிஸ்பாட்சுக்கு வந்து, "புதுசு எப்படிம்மா இருக்கு?" என்றார். அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"எனக்கு மாத்தல சார். நான்தான் வேணான்னேன். தம்பி மேல தப்பு இல்ல."

மேனேஜர் என்னை முறைத்தார். "அப்பவே மாத்தியாச்சு சார்" என்று நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்து, "அப்ப இந்த கம்பெனியிலயே நீங்கதான்மா நல்லா ஓட்றீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவும் சிரிப்பார் என்று நின்றேன்.

"இத்தினி நாளா புதுசுலதான் செஞ்சுக்கினு இருந்தனா?"

"ஆமாக்கா. உங்களுக்குத்தான் நல்லா வருதே."

"தெனம் கம்பெனி கேட்டாண்ட வரும்போதே பயந்துக்கினேதான் வருவேன் தம்பி. இன்னிக்கு மாத்திடுவானோ, நாளைக்கு லைன்ல போய் நிக்கணுமோன்னு. ஊட்ல சோறு எறங்கல. உங்களுக்கு நல்லா வருதுக்கான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தின்னா தூங்கியிருப்பேனே."

வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அக்கா உட்கார்ந்து, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சலானை அடித்து, கையெழுத்து வாங்கி, லாரியை அனுப்பினார். அதன் பிறகுதான் அழுதார்.