விட்டத்தில் தொங்கும் கயிறு

போர்வைக்கு மேலாகவே அவருடைய கால் கட்டைவிரலை அழுத்தினேன். நன்றாக வலிக்கும்படிதான் அழுத்தினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கால கொஞ்சம் புடிச்சி உடுமா. மரத்துக்கினு இருக்குது,” என்றார்.

நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் நடந்தது இது. வீட்டில் ஒருவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் மேலேயே எரிந்து விழுந்தவள் நான். பட்டதைச் சொல்கிறேன், உபயோகப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் ஏகாம்பரம் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளி. என் தம்பி தணிகாசலம் விமானப்படையில் விமானி. அப்பா அம்மா போன பிறகு தணிகை எங்களோடு வந்துவிட்டான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவனைத் தோளில் தூக்கித் தேர் காட்டியது, ஜுரம் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எல்லாம் அவர்தான். விமானி ஆனதும் தணிகைக்கு ஒரே ஆசை, மாமாவை ஒரு தடவையாவது மேலே கூட்டிப்போக வேண்டும். மேலதிகாரியை நச்சரித்துச் சிறப்பு அனுமதி வாங்கிவிட்டான்.

இவருக்கு அதில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. “புள்ள கேக்குது. மாட்டேன்னா மூஞ்சி சுருங்கிடும்மா,” என்று கிளம்பினார்.

இருவர் உட்காரும் பயிற்சி ஜெட் அது. அதில் இருப்பது வெளியேற்றும் இருக்கை (ஆபத்து வந்தால் அடியிலிருக்கும் வெடி ஆளை நாற்காலியோடு மேலே தூக்கி எறியும், பிறகு பாராசூட் இறக்கிவிடும்). தலைக்கு மேலே மஞ்சளும் கறுப்புமாக ஒரு பிடி உண்டு. அதை இழுத்தால் வெடிக்கும். தொடவே கூடாது என்று தணிகை சொல்லியிருந்தான்.

இங்கே எங்கள் தறியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்களுடையது குழித்தறி. நெய்பவர் தரையோடு உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிப்பார். எழுந்திருக்கும்போது, விட்டத்தில் கட்டித் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றைப் பிடித்துத்தான் எழுவார். சின்ன வயதிலிருந்தே அந்தக் கயிற்றைப் பிடித்துப் பிடித்து, உடம்பு ஆடினால் இவருடைய வலது கை தானாக மேலே போகும். மாட்டுவண்டி பள்ளத்தில் இறங்கினாலும் கை வெறும் ஆகாயத்தைப் பிடிக்கும். “அங்க இன்னா, சாமி கயிறு உட்டுக்கினு இருக்குதா?” என்று நான் கேலி செய்வேன். அவரும் சிரிப்பார்.

ஜெட் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று மூக்கைத் தாழ்த்தியிருக்கிறது. தோள்பட்டையை அழுத்துகிறதென்று இவர் இருக்கை வாரைக் கொஞ்சம் தளர்த்திவிட்டிருந்தார். உடம்பு நாற்காலியை விட்டு எழும்பியது. கை மேலே போனது.

மேல்மூடி பறந்துபோன விமானத்தைத் தணிகை பத்திரமாக இறக்கிவிட்டான். இவர் ஒரு கடலைக்கொல்லையில் இறங்கிக் கிடந்தார்.

“சொன்னான்மா,” என்றார் என்னிடம். “ஏறதுக்கு முன்னயும் சொன்னான், ஏறி உக்காந்தப்புறமும் சொன்னான். நான் தொடல சம்பூ. என் கையி தொட்டுச்சி.”

விசாரணைக்கு வந்தவர்களிடமும் இதையேதான் சொன்னார். என் கை, என் தப்பு, பையன் மேல் ஒன்றும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு போனார்கள். தணிகையைப் பறப்பதிலிருந்து நிறுத்தி, ஆபீஸ் நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

வெடி தூக்கிய வேகத்தில் முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கி, தண்டுவடத்தை (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றை) நெரித்துவிட்டது. டாக்டர் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுப் பேசினார்.

“கால் திரும்ப வரும்னு பொய் சொல்ல மாட்டேன்மா. கை ரெண்டும் நல்லா இருக்கு. அந்தக் கையால அவர் எழுந்து உட்காரணும். உட்கார்ந்துட்டா ரொம்ப நாள் இருப்பார்.”

“உக்காரலன்னா?”

“படுத்தே இருந்தா புண்ணு வரும், சீழ் பிடிக்கும். உட்கார வைங்க. தலைக்கு மேல ஏதாவது கட்டி விடுங்க, பிடிச்சு எழட்டும்.”

டாக்டருக்கு எங்கள் வீட்டுக் கயிற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் தாழ்வாரத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

காஞ்சிபுரத்துக்கு வந்தோம். ஆகாயத்திலிருந்து விழுந்தவரைப் பார்க்க ஐயம்பேட்டையிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. வந்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான். அந்தப் பாராசூட் நம்ம பட்டா?

“தொட்டுப் பாத்தேன்பா. நைலானு,” என்பார் இவர். அவர்களுக்கு முகம் வாடிவிடும். போனபின் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவார்.

சிரிப்பெல்லாம் அவ்வளவுதான். மற்ற நேரம் இரண்டு கையையும் போர்வைக்குள் வைத்துக்கொண்டு கிடந்தார். டம்ளரைக்கூட வாங்க மாட்டார், நான்தான் புகட்ட வேண்டும். வலது கையை இடுப்புக்குக் கீழே அழுத்தி வைத்துக்கொள்வார். ஏன் என்று கேட்டால், “அது கெடக்கட்டும்,” என்பார்.

நான் அவரை மணி பார்த்துப் பார்த்துப் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தேன். இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம். இதில் சோம்பல் கூடாது என்பதை மட்டும் தயவுசெய்து மனதில் வையுங்கள். படுக்கைப் புண் (ஒரே இடம் அழுந்தி, ரத்தம் ஓடாமல் சதை அழுகுவது) முதலில் வெறும் சிவப்பாகத்தான் தெரியும். வலி தெரியாத உடம்பு சத்தம் போடாது. நீங்கள்தான் விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். கதீட்டரை (சிறுநீர் இறங்கச் செருகும் ரப்பர் குழாய்) தொடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அப்படியெல்லாம் பார்த்தும் இவருக்கு இடுப்பில் புண் வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் தணிகை லீவில் வந்தான். இளைத்துப் போயிருந்தான். புண்ணுக்கு மருந்து வைக்கும்போது கூடவே நின்று பார்த்தான். பிறகு தறிக்குப் போய், விட்டத்திலிருந்த கயிற்றை அவிழ்த்து வந்து கட்டிலுக்கு மேலே கட்டினான்.

இவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இழு மாமா. நம்ம ஊட்லதான் கீற. ஒண்ணும் ஆவாது.”

“வேணாம்பா. எடுத்துடு.”

“உக்காந்தாதான் புண்ணு ஆறும்னு டாக்டர் சொல்லிக்கீறாரு.”

“இந்தக் கையி உன்ன இன்னா பண்ணிச்சி பாத்த இல்ல? ஆகாசத்துல இருந்தவன நாக்காலில உக்கார வச்சிடுச்சி. இத வச்சிக்கினு இனிமே எதயும் புடிக்க மாட்டேன்.”

தணிகை கட்டில் பக்கத்தில் மண்டியிட்டுவிட்டான். “நான்தான மாமா வார சரியா இறுக்காம உட்டேன்,” என்று தேம்பினான். விசாரணையில்கூட அழாதவன் அவன்.

“நான்தான்டா தளர்த்திக்கினேன்.”

“நான் பாத்திருக்கணும் இல்ல?”

இரண்டு பேரும் அதையே மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “உங்க பஞ்சாயத்த அப்பறம் வச்சிக்கங்க. இங்க புண்ணு அழுகிக்கினு இருக்குது,” என்று கத்தினேன்.

தணிகை போர்வைக்குள் கையை விட்டு, அவருடைய வலது கையை வெளியே எடுத்தான். சின்னப் பிள்ளைக்கு எழுதப் பழக்குவது போல அதைக் கயிற்றில் வைத்து, மேலே தன் கையை வைத்து மூடினான். இரண்டு கையும் சேர்ந்து இழுத்தன. இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். முதுகு படுக்கையை விட்டு எழுந்தது. நான் பின்னால் ஓடித் தலையணையை முட்டுக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண்ணைத் திறந்தார். ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது. தெருவின் நீளத்துக்குப் பாவு (தறியில் ஏற்றுமுன் நீளமாக இழுத்துக் கட்டும் நூல்) விரித்து வைத்திருந்தார்கள்.

“யாரு பாவுமா அது? கலரு அரக்கா, மாம்பழமா? கிட்ட போய்ப் பாத்துட்டு வந்து சொல்லேன்,” என்றார்.

நான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து அரக்கு என்றேன். விழுந்த பிறகு அவர் என்னிடம் ஆசைப்பட்டுக் கேட்டது அதுதான் முதல்.

அதற்குப் பின் தினமும் உட்கார்ந்தார். தானே சாப்பிட்டார். தெருவில் பாவு போடுகிறவர்களை ஜன்னலிலிருந்தே அதட்டினார். புண் ஆறியது. டாக்டர் சொன்ன ரொம்ப நாள் எங்களுக்கும் உண்டு என்று நம்பினேன்.

புண் தின்னாததைச் சிறுநீர்த் தொற்று (குழாய் வழியே கிருமி ஏறி சிறுநீரகத்தைக் கெடுப்பது) தின்றது. குளிர் ஜுரம் வந்து வந்து போனது. ஒரு தடவை போகவில்லை. என்னிடம் தப்பு எதுவும் இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். உங்களுக்கும் ஒருநாள் சொல்வார்கள். நம்பப் பாருங்கள். என்னால் முழுக்க நம்ப முடியவில்லை.

கடைசியில் நினைவு தப்பியிருந்தது. ஆனாலும் அவருடைய வலது கை மேலே எழுந்து துழாவியது. செய்தி கேட்டு வந்திருந்த தணிகை கயிற்றை இழுத்து அந்தக் கைக்குள் கொடுத்தான். கை அதைப் பிடித்துக்கொண்டது. மூச்சு நின்ற பிறகும் விடவில்லை. விரல்களைப் பிரிக்கத் தணிகையால் முடியவில்லை, வெளியே போய்விட்டான். நான்தான் பிரித்தேன்.

பிறகு தணிகையை மறுபடி பறக்கக் கூப்பிட்டார்கள். அவன்தான் போகவில்லை.

அவர் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. இன்றும் யாராவது மணி என்ன என்று கேட்டால், எனக்குள் முதலில் வருவது இடப்பக்கமா வலப்பக்கமா என்பதுதான். உலை கொதிக்கும்போது திடீரென்று, ஐயோ, திருப்பிப் போடவில்லையே என்று உடம்பு பதறும். அறைவரை போய்விட்டுத் திரும்பி வருவேன்.

கயிற்றை அவிழ்த்துவிடட்டுமா என்று தணிகை கேட்டான். இருக்கட்டும் என்றுவிட்டேன். கட்டில்தான் போனது. அந்த இடத்தில் நான் பாய் போட்டுப் படுக்கிறேன். இப்போது எனக்கும் முட்டி பிடித்துக்கொள்கிறது, சட்டென்று எழ முடிவதில்லை. ஆனாலும் விடிந்ததும் பார்த்தால் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். வலது கையில் கயிறு இருக்கிறது. நான் பிடிக்கவில்லை. என் கை பிடித்திருக்கிறது.