ஒரு டம்ளர் சுத்தத் தண்ணீர்

பல் டாக்டரின் கிளினிக்கில் பதினோரு வருடமாக டோக்கன் கொடுப்பவர் அவர். வாசலில் உட்கார்ந்தபடியே பாதி வைத்தியம் கற்றுவிட்டதாக அவருக்கு நம்பிக்கை. அக்கம்பக்கத்தார் ‘அரை டாக்டர்’ என்று பெயர் வைத்தார்கள். அதை அவர் கேலியாக எடுத்துக்கொண்டதே இல்லை.

குழாய்த் தண்ணீரெல்லாம் விஷம் என்று யாரோ ஒரு நோயாளி சொன்னாராம். மறுநாளே உருண்டைக் குடுவையும் ஆவியைத் தண்ணீராக்கும் கண்டன்சரும் வாங்கிவந்து அடுப்படியில் பரப்பினார். இனி காய்ச்சி வடித்த தண்ணீர்தான் குடிப்பாராம். அவர் மனைவி, கல்லூரி ஆய்வகத்தில் பதினெட்டு வருடமாக இதே கண்ணாடிச் சாமான்களைப் பொருத்திக் கொடுப்பவள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் குடும்பத் தலைவரின் கௌரவம் என்னாவது?

அவளாகவே சொன்னாள்: “உடைஞ்ச பீங்கான் துண்டு ரெண்டு உள்ள போடுங்க. இல்லன்னா கொதிக்கும்போது குதிக்கும்.”

“குடிக்கிற தண்ணியில குப்பையைப் போடச் சொல்றா பாரு!”

அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

கண்டன்சரைக் குளிர்விக்க ரப்பர் ட்யூபை மாட்டி, குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். குளிர்வித்த தண்ணீர் சிங்க்கில் சலசலவென்று ஓடியது. பீக்கரிலோ அரை மணியில் பத்துச் சொட்டு. திடீரென்று குடுவைக்குள் தண்ணீர் துள்ளி, கண்டன்சர் வழியாகப் பாய்ந்து பீக்கரில் குபுக்கென்று கொட்டியது.

“பாத்தியா, என்ன வேகம்!”

“அது ஆவியே ஆகலைங்க. குழாய்த் தண்ணி அப்படியே தாண்டி வந்திருக்கு. உங்க விஷத்தோட.”

அவர் பீக்கரில் இருந்ததைக் கொட்டிவிட்டு, பீங்கான் துண்டை எடுத்தார்.

“இருங்க, ஆறட்டும். சூட்டுல போட்டா பொங்கி மூஞ்சியில அடிக்கும்.”

இந்த முறை காத்திருந்தார். மூஞ்சி அவருடையதாயிற்றே.

மூன்று மணி நேரத்தில் ஒரு டம்ளர் சேர்ந்தது. வாயருகே கொண்டுபோகும்போது கதவு தட்டப்பட்டது. மாடி வீட்டு அக்கா, முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஒற்றைக் கண்ணைத் திறந்தபடி நின்றாள்.

“டேங்க்ல சொட்டுத் தண்ணி இல்ல! உங்க வீட்ல வருதா?”

சிங்க்கில் சத்தமும் அப்போதுதான் நின்றிருந்தது; இரண்டு வீட்டுக்கும் ஒரே டேங்க். மனைவி அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி நீட்டினாள்.

“ரொம்ப சுத்தமான தண்ணிக்கா. கண்ணைக் கழுவிக்கோங்க.”

ஒரே வீச்சில் டம்ளர் காலி. “இன்னொரு டம்ளர் குடும்மா, இந்தக் கண்ணு எரியுது.”

“மூணு மணி நேரமாகும்கா. உக்காருங்க.”

அரை டாக்டர் மோட்டார் போடக் கிளம்பினார். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று மனைவியிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்டார்.