சாரலில் ஆட்டிய மாவு

ஐந்தருவிக்குப் போகும் வழியில் உள்ள எங்கள் தோட்டத்து வீட்டுக்குக் கரண்ட் லைன் கிடையாது, சோலார்தான். சாரல் நாட்களில் பழைய பேட்டரி விளக்குக்கே திணறும். மனைவியைக் கிரைண்டரைத் தொடவே விடமாட்டேன், கடை மாவுதான்.

இந்த வருஷம் லித்தியம் பேட்டரியும் கூடுதல் பேனலும் மாட்டினோம். "இனி கிரைண்டரே ஓடும் அண்ணாச்சி," என்றார் மாட்டியவர். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு நம்பிக்கை வரவில்லை. வானமும் மூடியே கிடந்தது.

ஒருநாள் காலை இட்லி பஞ்சாக இருந்தது. "ஏட்டி, கடை மாவு நல்லாருக்கே," என்றேன்.

மனைவி சிரித்தாள். "கடை மாவா? நேத்து நீங்க தென்காசிக்குப் போன நேரம் கிரைண்டர்ல ஆட்டுனது. ராத்திரி லைட்டு அணைஞ்சுதா?"

அணையவில்லை. இன்னும் இரண்டு இட்லி கேட்டேன். ஆனாலும் கை கழுவப் போனபோது வானத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.