இரண்டு மீட்டர் நூலும் ஒரு மாமியாரும்

ரத்தம் எடுக்கிற தொழிலில் கைக்கு ஒரு நிமிட வேலைதான், மீதியெல்லாம் வாய்க்கு. தருமபுரியில் லேப் டெக்னீஷியன் நான் என்றால், இதே லேப் வேலையில் பாடு படுகிற உங்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம்.

நீட்டிய கை

மொரப்பூரிலிருந்து பிலோமினாவும் அவர் கணவர் அருளும் வந்தார்கள். பட்டுப்புழு வளர்ப்பவர்கள். இரண்டு முறை கரு கலைந்ததால் இருவருக்கும் குரோமோசோம் டெஸ்ட் எழுதியிருந்தார் டாக்டர். கோளாறு மருமகளிடம்தான் என்று மாமியார் ஏற்கெனவே தீர்ப்பு சொல்லிவிட்டாராம். ஊசியைப் பார்த்ததும் பிலோமினா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

பயம் தெளியட்டும் என்று பேச்சுக் கொடுத்தேன். "ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ரெண்டு மீட்டர் டி.என்.ஏ நூல் இருக்குதுங்க. ஹிஸ்டோன்னு புரத உருண்டைங்க, அதுமேல சுத்தி, திரும்பவும் சுருட்டி, மடிச்சு வெச்சிருக்குது." பிலோமினா வாயைப் பிளந்தார். அருள் அசரவில்லை. "இதென்னங்க பெரிய அதிசயம்? எங்க பட்டுக்கூடு ஒண்ணுல ஒரு கிலோமீட்டர் நூல் வருமுங்க!"

ஐஸ்

செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில்தான் அந்த நூல் நன்றாக இறுகி, எண்ணக்கூடிய குச்சிகளாகத் தெரியும். அவைதான் குரோமோசோம். அதற்கு ரத்த அணுக்கள் உயிரோடு பெங்களூர் போய்ச் சேர வேண்டும். அங்கே வளர்த்துப் பார்ப்பார்கள். வழியில் குளிரில் உறைந்தால் போச்சு. பிலோமினா மறுபடி வர வேண்டும், மறுபடி கையை நீட்ட வேண்டும்.

சாம்பிள் கொண்டுபோகும் ரஹீம் பாய்க்கோ எந்த ரத்தமானாலும் ஐஸில் சொருகித்தான் பழக்கம். 'ஐஸ் வேண்டாம்' என்று குழாய்கள் மேல் நான் ஒட்டியிருந்த சீட்டை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். நல்லவேளை, ஜூஸ் கடையில் ஐஸ் கேட்டு அப்போதுதான் நின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். குழாய்களை ஒரு தரம் மரியாதையாகப் பார்த்தார். "உசுரோட போற ஆளுங்கன்னு முதல்லயே சொல்லியிருந்தா ஜன்னலோர சீட்டு போட்டிருப்பேனே தம்பி!"

கணக்கு சரி

ரிசல்ட் வந்தது. இருவருக்கும் தலா நாற்பத்தாறு குரோமோசோம், இருக்க வேண்டிய எண்ணிக்கைதான். உடைசல் இல்லை, இடம் மாறலும் இல்லை. காரணம் வேறெங்காவது இருக்கலாம், தேடிப் பார்ப்போம் என்று டாக்டர் தைரியம் சொல்லி அனுப்பினார். என் வீட்டு ரிசல்ட் வந்த மாதிரி எனக்கே அப்பாடா என்றிருந்தது. பிலோமினா நேராக என்னிடம் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே போனை நீட்டினார். "எங்க அத்தை லைன்ல இருக்காங்க சார், ரெண்டு பேருக்குமே கோளாறு இல்லைன்னு உங்க வாயாலயே சொல்லிடுங்க!"

இரண்டு மீட்டர் நூலைச் சிக்கில்லாமல் சுருட்டி வைக்கச் செல்லுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, மாமியாருக்குச் சொல்லத்தான் டெக்னீஷியன் தேவைப்படுகிறான்.